எஸ்டிமேஷன் யூனிட்: ஒரு வரவு செலவுக் கணக்கு

பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறவர்களிடம் எந்தப் பாடத்தில் கால் இடறியது என்று கேட்டால், பலர் சொல்வது எஸ்டிமேஷன், அதாவது கையில் இருக்கும் சில அளவீடுகளை வைத்துத் தெரியாத எண்ணை மதிப்பிடும் பாடம். சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு வரைக்கும் எண்ணைப் போட்டால் விடை வரும். எஸ்டிமேஷனில் அது போதாது. விடையைத் தரும் வாய்பாடே நல்ல வாய்பாடுதானா, அதைவிடச் சிறந்தது இருக்க முடியாதா என்று நிரூபிக்கச் சொல்வார்கள். ராவ்–பிளாக்வெல், கிராமர்–ராவ், போதுமை என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும். இன்டர்னலில் பாதிப் பேர் இந்த யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடப் பார்ப்பார்கள்.

தாம்பரத்திலோ அதைச் சுற்றியோ இருந்துகொண்டு, உதவி பெற்று இந்த ஒரு யூனிட்டைத் தாண்ட எவ்வளவு ஆகும்? ரூபாயில் எவ்வளவு, மணிக்கணக்கில் எவ்வளவு? கீழே இருப்பது அந்தக் கணக்கு. எல்லாருக்கும் ஒன்றான கட்டணங்களை அப்படியே எழுதியிருக்கிறேன். ஆளுக்கு ஆள், தெருவுக்குத் தெரு மாறும் தொகைகளுக்கு ‘வைத்துக்கொள்வோம்’ என்று ஒரு எண் போட்டிருக்கிறேன். அங்கே உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கையிருப்பு

முதலில் இந்தப் பகுதியின் கையிருப்பைப் பார்ப்போம். 1837இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. புள்ளியியலைத் தனிப் பட்டமாகவே படிக்கலாம். குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. இருக்கிறது. வண்டலூர், காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கெல்லாம் நிகழ்தகவும் புள்ளியியலும் கட்டாயம் ஒரு தாளாகவாவது வரும். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். 1989இல் தொடங்கி 2005இல் அங்கே குடியேறியது. தரமணியில் 1962இலிருந்து இயங்கும் கணித அறிவியல் நிறுவனமும், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சென்னை மையமும் உள்ளன.

கடைசியில் சொன்ன மூன்றும் டியூஷன் நடத்தும் இடங்கள் இல்லை. ஆனால், எஸ்டிமேஷனைக் கரைத்துக் குடித்தவர்கள் தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பதற்கு இவை அடையாளம். அவர்களில் ஒருவருடைய பதினைந்து நிமிடம் ஒரு மாணவருக்குக் கிடைக்க என்ன விலை ஆகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சரக்கின் விலை

புத்தகம், வீடியோ, மென்பொருள் மூன்றையும் சரக்கு என்று எழுதிக்கொள்வோம்.

புத்தகம்: எஸ்.சி. குப்தா, வி.கே. கபூர் இருவரும் எழுதிய கணிதப் புள்ளியியல் நூல் 1970இல் முதல் பதிப்பு கண்டது. இன்றும் மாணவர்கள் ‘குப்தா கபூர்’ என்றால் அதுதான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் அந்தப் புத்தகத்தில் எஸ்டிமேஷன் ஒரு அத்தியாயம். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் கையில் பி.ஆர். விட்டல் புத்தகமும் இருக்கும். நூலகத்தில் எடுத்தால் செலவு இல்லை. சீனியர் நோட்டையும் பழைய கேள்வித்தாளையும் சேர்த்து 200 பக்கம் ஜெராக்ஸ், பக்கம் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 200 ரூபாய்.

வீடியோ: ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் வகுப்புகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. 12 வாரப் பாடம் ஒன்றில் வாரம் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ. மொத்தம் 30 மணி நேரம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம், பாடத்துக்கு 1,000 ரூபாய். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும். ஹார்வர்டில் ஜோ பிளிட்ஸ்டைன் நடத்திய நிகழ்தகவு வகுப்பின் 34 பாடங்களும் யூடியூபில் இலவசம். எஸ்டிமேஷனுக்கு அஸ்திவாரம் ஆட்டம் காண்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

டேட்டா: 2014இல் ஒரு ஜிபி சராசரியாக 269 ரூபாய்க்கு விற்றது, இப்போது 10 ரூபாயை ஒட்டி இருக்கிறது என்பது மத்திய அரசு சொல்லும் கணக்கு. மணிக்கு அரை ஜிபி என்று வைத்தால் 30 மணி நேர வீடியோவுக்கு 15 ஜிபி, 150 ரூபாய். 2014 விலையில் இதே வீடியோவுக்கு 4,035 ரூபாய் ஆகியிருக்கும்.

மென்பொருள்: எஸ்பிஎஸ்எஸ் 1968இல் வந்தது. 2009இல் ஐபிஎம் அதை 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் எழுதத் தொடங்கிய ‘ஆர்’ 2000 பிப்ரவரி 29 அன்று முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. அதன் விலை சுழியம். பட்ட வகுப்பில் கேட்கும் எதையும் ஆரில் செய்துவிடலாம்.

ஆக, சரக்குக் கணக்கு 350 ரூபாய். சான்றிதழும் சேர்த்தால் 1,350. பத்தாண்டுக்கு முன் இந்தப் பத்தியே கட்டுரையின் பெரும்பகுதியாக இருந்திருக்கும்; இன்று சில வரிகளில் முடிந்துவிட்டது.

போக்குவரத்து

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்தில் ஏறிக் கடைசி வரை போனாலும் 10 ரூபாய். மாணவர் சீசன் டிக்கெட் பாதி விலை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. 12 லட்சம் புத்தகங்கள் வைக்கும் அளவுக்குக் கட்டியது, உள்ளே போகக் காசில்லை. ரயில், பஸ் சேர்த்து ஒரு முறை போய்வர 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நான்கு முறைக்கு 160.

ரூபாய் குறைவுதான். நேரம் அப்படி இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வந்து வகுப்பு முடித்துத் திரும்புகிற மாணவிக்கு, மாலை 4 மணிக்கு மேல் ஆசிரியருக்காகக் காத்திருந்தால் அடுத்த ரயில், அடுத்த ஷேர் ஆட்டோ, வீட்டிலிருந்து வரும் போன் எல்லாம் கணக்கில் சேரும். ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்குச் சந்தேகம் கேட்க ஆகும் செலவு பக்கத்து அறை வரை நடப்பது மட்டும். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே சந்தேகம். கேட்கும் செலவு மட்டும் இருவருக்கும் ஒன்றாக இல்லை.

ஆளின் விலை

இந்தப் பேரேட்டின் கனமான வரி இது. பட்ட வகுப்புப் புள்ளியியலுக்குத் தனி டியூஷன் எடுப்பவர்கள் குறைவு. எடுப்பவர்கள் ஆளைப் பார்த்து, பாடத்தைப் பார்த்துக் கேட்பார்கள். மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டை முதலிலிருந்து நடத்த 20 மணி நேரம் என்றால் 10,000 ரூபாய்.

இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவுகோல்: அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஐந்து மாதம் ஓடும் செமஸ்டருக்கு 5,000. ஒரு தாளின் ஒரு யூனிட்டுக்கான டியூஷன், இரண்டு செமஸ்டர் உதவித்தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

நான்கு பேர் சேர்ந்து ஆசிரியரைப் பிடித்தால் ஆளுக்கு 2,500. ஆனால் 20 மணி நேரத்தை நான்காகப் பிரித்தால் ஒருவர் நோட்டை ஆசிரியர் குனிந்து பார்க்க 5 மணி நேரம்தான் தேறும். மீதி 15 மணி நேரம் வகுப்பில் கேட்டதையே இன்னொரு முறை கேட்பது. அந்தப் பகுதிக்கு வீடியோ இருக்கிறது. அதற்கு 500 ரூபாய் கொடுப்பது வீண்.

கல்லூரிக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆசிரியரின் வாரப் பணி 40 மணி நேரம். உதவிப் பேராசிரியர் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டியது 16 மணி நேரம். மீதி 24 மணி நேரத்தில் தயாரிப்பு, பேப்பர் திருத்தம், அலுவலக வேலை, ஆய்வு எல்லாம் போக, சந்தேகம் தீர்க்க வாரம் 2 மணி நேரம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் வகுப்பு என்றால் ஆளுக்கு 2 நிமிடம் 24 விநாடி. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 50 பேரும் வருவதில்லையே! எட்டுப் பேர் வந்தால் ஆளுக்கு 15 நிமிடம். 15 வாரத்துக்கு 3 மணி 45 நிமிடம். மணிக்கு 500 என்ற விலையில் இது 1,875 ரூபாய் மதிப்புள்ள தனி டியூஷன். கதவைத் தட்டுகிறவருக்குச் சும்மா கிடைக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்

பதினைந்து நிமிடத்தில் என்ன நடந்துவிடும் என்று கேட்கலாம். எஸ்டிமேஷனில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு கணக்கை அப்படியே போட்டுப் பார்ப்போம்.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஒரே சீரான இடைவெளியில் வருகிறது, அந்த இடைவெளி தீட்டா நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் எப்போது வந்தாலும் காத்திருக்கும் நேரம் 0 முதல் தீட்டா வரை சமமாகப் பரவியிருக்கும். நான்கு நாள் காத்திருந்தது 3, 9, 2, 8 நிமிடம். தீட்டா எவ்வளவு?

முதல் வழி: சராசரியை இரட்டிப்பது. சராசரி 5.5, விடை 11 நிமிடம். இரண்டாம் வழி: நான்கில் பெரியதை எடுத்து ஐந்தில் நான்கால் வகுப்பது, அதாவது 5/4ஆல் பெருக்குவது. பெரியது 9, விடை 11.25. இரண்டு வாய்பாடும் சாயாதவை, அதாவது அன்பயஸ்டு. எது மேல்? பரவற்படியை, அதாவது வேரியன்ஸைப் பார்க்க வேண்டும். உண்மையில் தீட்டா 12 என்று வைத்தால், முதல் வாய்பாட்டின் பரவற்படி 144-ஐ 12ஆல் வகுத்தது, அதாவது 12. இரண்டாவதன் பரவற்படி 144-ஐ 24ஆல் வகுத்தது, 6. இரண்டாவதே மேல், சரியாகப் பாதி.

இங்கேதான் வில்லங்கம். சாயாத எந்த வாய்பாட்டின் பரவற்படியும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது என்று கிராமர்–ராவ் சமனிலி சொல்கிறது. வகுப்பில் தந்த சூத்திரத்தில் இந்தப் பரவலைப் போட்டால் எல்லை 144-ஐ 4ஆல் வகுத்தது, 36. நம்மிடம் இருப்பதோ 12-உம் 6-உம். 36-க்குக் கீழே எதுவும் போகாது என்ற தேற்றம் பொய்யா? கூட்டலில் பிழையா? மாணவர் முதலில் கூட்டலைச் சரிபார்ப்பார். பிறகு தொகையீட்டை மறுபடி போடுவார். பிறகு புத்தகத்தில் அச்சுப்பிழை தேடுவார். இரண்டு மணி நேரம் போய்விடும்.

தெரிந்தவர் நோட்டைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: “எக்ஸ் எதுவரைக்கும் போகலாம்?” தீட்டா வரைக்கும். மதிப்பு எட்டும் எல்லையே தீட்டாவைப் பொறுத்து நகர்கிறது. அப்படி நகர்ந்தால் தொகையீட்டுக்குள்ளே புகுந்து வகையிட அனுமதி இல்லை. தேற்றம் கேட்கும் நிபந்தனை உடைந்துவிட்டது, ஆகவே 36 என்பது எல்லையே இல்லை. தேற்றத்தில் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. பொருந்தாத இடத்தில் சூத்திரத்தைப் போட்டதுதான் பிழை.

இதை மாணவரே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. எல்லையைக் கணக்கிட வகுப்பில் இரண்டு சூத்திரம் தருவார்கள்: முதல் வகைக்கெழுவின் வர்க்கத்தை வைத்து ஒன்று, இரண்டாம் வகைக்கெழுவை வைத்து ஒன்று. நிபந்தனை சரியாக இருந்தால் இரண்டும் ஒரே விடை தரும். இந்தக் கணக்கில் ஒன்று கூட்டல் குறியோடும் மற்றது கழித்தல் குறியோடும் வரும். தகவலின் அளவு கழித்தலில் வரவே கூடாது. வந்தால் நிபந்தனைப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று அர்த்தம். ஆரில் 0-வுக்கும் 12-க்கும் இடையே நான்கு நான்காகப் பத்தாயிரம் கூறுகள் எடுத்துப் பார்த்தால் பரவற்படிகள் 12-ஐயும் 6-ஐயும் ஒட்டி வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு பலர் முதலில் கேட்பது அங்கேதான். இலவசம், நள்ளிரவிலும் பதில் வரும், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ‘என் விடை எல்லைக்குக் கீழே வருகிறது, ஏன்?’ என்று கேட்டால் பயன் உண்டு. ‘இந்தக் கணக்கைப் போட்டுத் தா’ என்று கேட்டால் வழவழவென்று ஒரு விடை வரும். அதில் எந்த வரி சறுக்கியது என்று பார்க்க ஏற்கெனவே பாடம் தெரிந்திருக்க வேண்டும். வந்த விடையை ஆரில் ஓட்டிச் சரிபார்க்கிறவருக்கு மட்டும் இதை வரவில் எழுதலாம்.

மாட்டிக்கொண்ட நேரம்

இனி, யாரும் எழுதாத வரி. ஒரு யூனிட்டில் 12 இடங்களில் மாட்டிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மணி நேரம் தனியாக முட்டிக்கொண்டால் 36 மணி நேரம். ஓய்வு நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி மணிக்கு 100 ரூபாய் சம்பாதிக்கக்கூடியவர் என்றால் 3,600 ரூபாய்.

வேறு மாதிரி: ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் மட்டும் முயல்வது, மொத்தம் 6 மணி. தீராதவற்றைக் குறித்து வைத்து நான்கு தவணையில் ஆசிரியரிடமோ சீனியரிடமோ கேட்பது, தவணைக்கு ஒரு மணி, மொத்தம் 4 மணி. ஆக 10 மணி நேரம், 1,000 ரூபாய். மிச்சம் 26 மணி நேரம். வாரம் 5 மணி, 15 வாரம் என்றால் ஒரு தாளுக்கு 75 மணி நேர வகுப்பு. ஐந்து யூனிட்டில் ஒன்றுக்கு 15 மணி. மிச்சமாகும் நேரம், அந்த யூனிட்டை வகுப்பில் நடத்திய நேரத்தைவிட அதிகம்.

அதற்காக மாட்டியவுடன் எழுந்து ஓடலாமா? முட்டி மோதுவதிலும் வரவு உண்டு. தானே தீர்த்தது மறக்காது. எவ்வளவு நேரம் மோதுவது என்பதற்குப் புள்ளியியலே ஒரு வழி சொல்கிறது. ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொடர்முறைப் பகுப்பாய்வை உருவாக்கினார். கூறுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து ‘இத்தோடு நிறுத்தலாமா, இன்னொன்று எடுக்கலாமா’ என்று தீர்மானிக்கும் முறை அது. பழைய முறைக்குத் தேவைப்படும் கூறுகளில் சராசரியாகப் பாதி போதும் என்று காட்டினார். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார்.

அவருடைய யோசனையை இங்கே எளிதாக்கிப் போடலாம். கேட்கப் போனால் போக்குவரத்து, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து 60 நிமிடம் ஆகும் என்று வைப்போம். இன்னும் 30 நிமிடம் முயன்றால் தானே தீர்க்கும் வாய்ப்பு எவ்வளவு? பாதிக்கு மேல் இருந்தால் முயல்வது லாபம். குறைந்தால் எழுந்து போவது லாபம். தானே தீர்ப்பதால் வரும் தெளிவுக்கு இன்னொரு 60 நிமிட மதிப்புக் கொடுத்தால், கால் பங்கு வாய்ப்பு இருந்தாலும் உட்காரலாம். தெளிவுக்கு அதே மதிப்பைக் கொடுத்தாலும், பக்கத்து அறையில் 20 நிமிடத்தில் கேட்டுவிட முடிகிற ஹாஸ்டல் மாணவர், எட்டில் மூன்று பங்காவது வாய்ப்பு இருந்தால்தான் உட்கார வேண்டும். கடைசி அரை மணியில் தாளில் புதிதாக ஒரு வரிகூட விழவில்லை என்றால், அடுத்த அரை மணிக்கான வாய்ப்பைப் பற்றி ஏமாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

கேட்டதால் வந்த வரவு

வகுப்பில் கை தூக்குவதன் வரவு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு, நாம் மேலே பார்த்த சமனிலியே சாட்சி. சி.ஆர். ராவ் 1920 செப்டம்பர் 10 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஹடகலியில் பிறந்தவர். 1940களில் கொல்கத்தாவில் எஸ்டிமேஷன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இருபதுகளின் நடுவில் இருந்தார். கூறுகள் மிகப் பல இருக்கும்போது பரவற்படிக்கு ஒரு கீழெல்லை உண்டு என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கண்ட முடிவைச் சொன்னார். மாணவர் ஒருவர் எழுந்து, கூறுகள் குறைவாக இருந்தாலும் இது செல்லுமா என்று கேட்டார். ராவிடம் பதில் இல்லை. அன்று இரவு உட்கார்ந்து போட்டார். மறுநாள் வகுப்பில் நிரூபணத்தோடு வந்தார். 1945இல் கட்டுரை வெளியானது. ஸ்வீடனில் ஹரால்ட் கிராமரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்ததால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

கேட்ட மாணவர் வி.எம். தண்டேகர். பிற்காலத்தில் இந்தியாவின் வறுமையை அளந்த பொருளாதார அறிஞர்களில் முக்கியமானவர். 1945 கட்டுரை உள்ளிட்ட வேலைக்காக 2023இல் ராவுக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு கிடைத்தது. தொகை 80,000 டாலர், வயது 102. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று மறைந்தார். எஸ்டிமேஷன் யூனிட்டில் மாணவர்கள் அதிகம் பயப்படும் தேற்றம், எஸ்டிமேஷன் வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட சந்தேகத்திலிருந்து வந்தது. கேட்ட செலவு ஒரு நிமிடம்.

பிராஜெக்ட் மாணவர் கணக்கு

புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுக்காத வணிகவியல், சமூகப் பணி, உளவியல் மாணவர்களுக்குக் கணக்கு வேறு இடத்தில் உதைக்கிறது. அவர்கள் உதவி தேடுவது பிராஜெக்ட் சர்வே முடிந்த பிறகு. ஃபாரம்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ‘எஸ்பிஎஸ்எஸ் போட்டுத் தரப்படும்’ என்ற போர்டைத் தேடுவார்கள்.

அவர்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் எண் 384 அல்லது 385. நம்பிக்கை அளவு 95 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று வைத்தால் 1.96-இன் வர்க்கத்தைக் காலால் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுக்க 384.16 வரும், முழு எண்ணாக்கினால் 385. ஒரு ஃபாரம் 6 பக்கம், பக்கம் 1 ரூபாய் என்றால் 2,310 ரூபாய். ஒருவரிடம் நிரப்பி வாங்க 20 நிமிடம் என்றால் 128 மணி 20 நிமிடம்.

இப்போது, அந்த மாணவர் ஆராய்வது 500 பேர் மட்டுமே வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே 500 பேர் என்றால் 385 தேவையில்லை. மொத்த எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்கான திருத்தமாக 384.16-ஐ 1.766ஆல் வகுத்தால் 217.5; அதாவது குலுக்கல் முறையில் 218 பேர் போதும். மிச்சம் 167 ஃபாரம், 1,002 ரூபாய், 55 மணி 40 நிமிடம். சர்வேக்கு முன் புள்ளியியல் துறையில் யாரையாவது ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும். பின்னால் போய்க் கேட்டால் வருத்தப்படத்தான் முடியும்.

1938 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமை தாங்கிய ரொனால்ட் ஃபிஷர் இதைத்தான் எச்சரித்தார். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போல. எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்பது அவர் பேச்சின் சாரம். எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் மூட்டை கட்டிய ஃபாரங்கள் பின்னால்தான் வருகின்றன.

மொத்தம்

முழுக்க டியூஷனை நம்பினால்: 20 மணி நேரத்துக்கு 10,000 ரூபாய், போய்வர ஒரு முறைக்கு 40 ரூபாய் வீதம் 800. ஆக 10,800 ரூபாய்.

கலந்து செய்தால்:
ஜெராக்ஸ்: 200
டேட்டா: 150
நூலகப் பயணம்: 160
நான்கு பேர் சேர்ந்து 4 மணி நேர டியூஷன், மாட்டிய இடங்களுக்கு மட்டும்: 2,000-இல் ஒரு பங்கு, 500
ஆசிரியர் அறை: 0
ஆக 1,010 ரூபாய்.

இரண்டுக்கும் வித்தியாசம் 9,790. இரண்டாவது வழி வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: கேள்வி தயாராக இருக்க வேண்டும். ‘சார், எஸ்டிமேஷன் புரியவில்லை’ என்று போனால் 15 நிமிடமும் அறிமுகத்திலேயே போய்விடும். ‘எல்லை 36 வருகிறது, என் பரவற்படி 6 வருகிறது, கூட்டலை இரண்டு முறை பார்த்துவிட்டேன்’ என்று போனால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்து, மீதி 14 நிமிடத்தில் இன்னும் இரண்டு சந்தேகம் தீரும்.

கடைசியாகக் கல்லூரிகளுக்கு ஒரு வரி. சந்தேகம் கேட்கும் நேரம் ஆசிரியரின் நல்ல மனத்தையும் மாணவரின் தைரியத்தையும் பொறுத்து இருப்பதால்தான் கூடுவாஞ்சேரி மாணவி கேட்காமலே ரயில் ஏறுகிறாள். அதை மாலை 4 மணிக்குப் பிறகு தள்ளாமல் பகலிலேயே நேர அட்டவணையில் போட்டுவிட்டால்? வாரம் 2 மணி, 15 வாரத்துக்கு 30 மணி நேரம். உதவிப் பேராசிரியர் ஒரு செமஸ்டரில் நடத்தும் 240 மணி நேரத்தில் இது எட்டில் ஒரு பங்கு. இலவசமாகக் கேட்க வேண்டாம். அதற்கும் மணிக்கு 500 ரூபாய் என்று கொடுத்தால் 15,000 ரூபாய். 50 பேருக்குப் பிரித்தால் ஒரு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 300 ரூபாய். தேர்வுக் கட்டண ரசீதில் இந்த 300-ஐத் தனி வரியாகப் போட்டாலும் பெற்றோர் முணுமுணுக்க மாட்டார்கள். வெளியே அதற்கு அவர்கள் கொடுக்க நேர்வது 10,000.